பத்தொன்பதாம் எண் வீரர்

நுழையும்முன்

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் முதலிடம் பெற்றவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மிகுதியாக அடித்தவர், மிக விரைவாக எறிந்தவர், முதன்முதலாக ஓர் உயரத்தை எட்டியவர் ஆகியோரின் பெயர்களே நினைவில் நிற்கின்றன. எனினும் ஓர் அணியின் வெற்றி, அத்தகையோரால் மட்டும் அமைந்துவிடுவதில்லை. எந்த இடம் வெற்றிடமாகிறதோ அங்குச் சென்று நிற்கவும், எந்தப் பணி எஞ்சுகிறதோ அதை முகம் சுளிக்காமல் ஏற்கவும் ஒருவர் தேவைப்படுகிறார். அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் அவ்வாறு நின்றவர் ஜிம் கில்லியம். கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே அமைப்புக்கு உழைத்த அவருடைய வாழ்க்கை, பயன்படுதல் என்னும் சொல்லின் பெருமையையும் அதற்குள் மறைந்திருக்கும் வலியையும் ஒருங்கே காட்டுகிறது.

ஆட்டமும் அதன் இடங்களும்

பேஸ்பால் என்னும் அடிபந்தாட்டம் அமெரிக்க மக்களின் அன்றாட வாழ்வோடு கலந்தது. கிரிக்கெட்டை அறிந்தோர்க்கு அதனைப் புரிந்துகொள்ளுதல் எளிது. எறிவாளர் பந்தை எறிவார். மட்டையாளர் அதனை அடித்துவிட்டு ஓடுவார். சாய்சதுரம் போன்ற களத்தின் மூலைகளில் நான்கு தளங்கள் உள்ளன. மூன்று தளங்களையும் முறையே தொட்டுப் புறப்பட்ட இடத்திற்கே மீள்பவர் அணிக்கு ஓர் ஓட்டம் சேர்க்கிறார். நான்கு முறை எறிவாளர் உரிய எல்லைக்கு வெளியே எறிந்து, மட்டையாளர் அவற்றை அடிக்காமல் விட்டுவிட்டால், அவர் முதல் தளத்திற்கு நடந்தே செல்லலாம். அவ்வாறு பெறுவதனை நடை என்பர்.

எதிரணியில் ஒன்பது பேர் களத்தில் நிற்பர். ஒவ்வோர் இடத்திற்கும் தனித்திறன் வேண்டும். இரண்டாம் தளத்தின் அருகே நிற்பவர்க்கு விரைந்த கால்களும், ஓடிவரும் எதிரியைக் கண்டு அஞ்சாமல் திரும்பி எறியும் பயிற்சியும் தேவை. மூன்றாம் தளத்தில் நிற்பவரை நோக்கிப் பந்து மின்னல்போல் வரும். அங்கே கண்ணும் கையும் ஒரே நொடியில் இயங்கவேண்டும். வெளிக்களத்தில் நிற்பவர், உயர்ந்து வரும் பந்து விழும் இடத்தை முன்னதாகவே கணித்து ஓடவேண்டும். ஆதலின் வீரர்கள் ஓரிடத்தைத் தேர்ந்து, அதிலேயே வாழ்நாள் முழுவதும் பழகுவர். பல இடங்களிலும் ஆடவல்ல பல்பயன் வீரர்கள் மிகச் சிலரே. அவர்களுள்ளும் ஆண்டுதோறும் முதல் ஒன்பதின்மருள் ஒருவராகவே விளங்கியவர்கள் மிக அரியர். கில்லியம் அத்தகைய அரியருள் ஒருவர்.

இளமை

ஜேம்ஸ் வில்லியம் கில்லியம், 1928ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகரில் பிறந்தார். மிக இளம் வயதிலேயே தந்தையை இழந்த அவரைத் தாயும் பாட்டியும் வளர்த்தனர். தாய் பிறர் வீடுகளில் பணிசெய்து குடும்பத்தைக் காத்தார்.

அக்காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிறவேற்றுமை சட்டமாகவே இருந்தது. கறுப்பின மக்களுக்குப் பள்ளியும் வேறு. பேருந்தில் இருக்கையும் வேறு. உணவகத்தில் வாயிலும் வேறு. விளையாட்டுக் களமும் இதற்கு விலக்காகவில்லை. வெள்ளையர் ஆடிய பெரும் லீக்குகளில் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. ஆகவே கறுப்பின வீரர்கள் தமக்கென அணிகளையும் லீக்குகளையும் அமைத்துக்கொண்டனர். அவை நீக்ரோ லீக் என்னும் பெயரால் வழங்கின. ஊதியம் குறைவு, பயணம் மிகுதி, தங்குவதற்கு விடுதி கிடைக்காத இரவுகளில் பேருந்தே படுக்கை. எனினும் அங்கே ஆடிய ஆட்டத்தின் தரம் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

நாஷ்வில் நகரின் சல்ஃபர் டெல் என்னும் பழைய களத்தில் வெள்ளையர் அணியும் ஆடியது. கறுப்பினத்தவர் அணிகளும் ஆடின. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. அந்நகரில் வளர்ந்த கில்லியம் பந்தையே உலகமாகக் கொண்டார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இறுதியாண்டில் விட்டுவிட்டு ஆட்டத்தையே வாழ்வாகத் தேர்ந்தார். நாஷ்வில் பிளாக் வோல்ஸ் என்னும் உள்ளூர் அணியில் அவர் ஆட்டம் தொடங்கியது.

ஜூனியர் என்னும் பெயர்

1946ஆம் ஆண்டு, பதினேழு வயதில், கில்லியம் பால்டிமோர் எலைட் ஜயண்ட்ஸ் என்னும் அணியில் சேர்ந்தார். நாஷ்வில்லில் தோன்றிப் பின்னர்ப் பால்டிமோருக்குப் பெயர்ந்த அணி அது. அவ்வணியின் வீரர்களுள் அவரே வயதில் இளையவர். மூத்தவர்கள் அவரை ஜூனியர் என்று அழைத்தனர். அப்பெயர் அவர் வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிட்டது.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் ஜார்ஜ் ஸ்கேல்ஸ். நீக்ரோ லீக்கில் பல்லாண்டு ஆடி முதிர்ந்தவர் அவர். வலக்கை மட்டையாளரான கில்லியம், வலக்கை எறிவாளர்கள் வளைத்தெறியும் பந்துகளை எதிர்கொள்ளத் திணறுவதை ஸ்கேல்ஸ் கண்டார். உடனே, மறுபுறம் சென்று இடக்கையால் அடிக்குமாறு பணித்தார். பழகிய கையை விட்டுவிட்டுப் பழகாத கையால் அடிப்பது, எழுதும் கையை மாற்றிக்கொள்வதற்கு ஒப்பானது. கில்லியம் தயங்கவில்லை. நாள்தோறும் பயின்று இருபுறமும் அடிக்கவல்ல மட்டையாளராக உயர்ந்தார். வலக்கை எறிவாளர் வந்தால் இடப்புறமும், இடக்கை எறிவாளர் வந்தால் வலப்புறமும் நின்று ஆடினார். சூழலுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் அவருடைய இயல்பு வெளிப்பட்ட முதல் தருணம் இதுவே எனலாம்.

1948 முதல் 1950 வரை மூன்று ஆண்டுகளும் நீக்ரோ லீக்கின் சிறந்த வீரர்கள் மட்டுமே ஆடும் கிழக்கு மேற்கு ஆட்டத்தில் அவர் இடம்பெற்றார். 1949இல் எலைட் ஜயண்ட்ஸ் தன் லீக்கின் வாகையைச் சூடியது.

திறந்த கதவு

இதற்கிடையில் 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கிய ஜாக்கி ராபின்சன், பெரும் லீக்கின் நிறத்தடையைத் தகர்த்தார். வசைச்சொற்களையும் மிரட்டல்களையும் தாங்கி அவர் ஆடிய ஆட்டம், பின்வந்தோர்க்கு வழியானது. ஆயினும் திறந்த கதவின் வழியே ஒருவர் பின் ஒருவராகவே கறுப்பின வீரர்கள் நுழைய முடிந்தது.

1951இல் டாட்ஜர்ஸ் நிறுவனம் கில்லியத்தையும், அவருடன் பால்டிமோரில் ஆடிய எறிவாளர் ஜோ பிளாக்கையும் ஒப்பந்தம் செய்தது. கில்லியம் முதலில் கனடாவிலுள்ள மான்ட்ரியால் ராயல்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ராபின்சன் பயிற்சி பெற்ற அணியும் அதுவே. அங்கே இரண்டு பருவங்கள் ஆடிய கில்லியம், 1952இல் அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இனியும் அவரை வெளியே நிறுத்திவைக்க இயலாது என்னும் நிலை உருவாயிற்று.

ராபின்சன் விட்டுக்கொடுத்த இடம்

1953ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கில்லியம் புரூக்ளின் அணியில் அடியெடுத்து வைத்தார். ஆனால் அவர் ஆடிப் பழகிய இரண்டாம் தளம் ஜாக்கி ராபின்சனுடையது. நாட்டின் புகழ்பெற்ற வீரர் ஒருவரின் இடத்தில் புதியவர் ஒருவரை நிறுத்துவது எளிதான செயலன்று. முப்பத்து நான்கு வயதை எட்டிய ராபின்சன், மூன்றாம் தளத்திற்கும் இடப்புற வெளிக்களத்திற்கும் பெயர்ந்து, இளையவர்க்கு வழிவிட்டார்.

இம்மாற்றத்தால் அணிக்குள் முணுமுணுப்பு எழுந்தது. மூன்றாம் தளத்தில் ஆடிவந்த வெள்ளை இன வீரரின் இடம் பறிபோவதை விரும்பாத சிலர், ஒரே அணியில் எத்தனைக் கறுப்பினத்தவர் ஆடுவது என்னும் எண்ணத்தையும் அதனுடன் கலந்தனர். இருபத்து நான்கு வயதான கில்லியம் எவர்க்கும் மறுமொழி கூறவில்லை. இயல்பிலேயே குறைவாகப் பேசுபவர் அவர். மட்டையும் கையுறையுமே அவர் சார்பில் பேசின.

அவ்வாண்டு அவர் 125 ஓட்டங்கள் எடுத்தார். ஒரே அடியில் மூன்று தளங்கள் கடக்கும் அடிகளை 17 முறை அடித்து, நேஷனல் லீக்கில் முதலிடம் பெற்றார். 100 முறை நடை பெற்றார். அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் என்னும் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு அவ்விருதைப் பெற்றவர் பால்டிமோர்த் தோழர் ஜோ பிளாக். வெள்ளையர் லீக் ஒதுக்கிவைத்திருந்த களங்களில் எத்தகைய திறமை விளைந்திருந்தது என்பதற்கு இவ்விருவரும் சான்றாயினர்.

முதல் நான்கு பருவங்களிலும் கில்லியம் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டங்கள் எடுத்தார். 1956இல் அவருடைய அடிவீதம் .300 ஆக உயர்ந்தது. பத்து முறை மட்டையெடுத்தால் மூன்று முறை வெற்றிகரமாக அடிப்பதே பேஸ்பாலில் உயர்ந்த தரமாகக் கருதப்படும்.

இடம் மாறிய கணம்

புரூக்ளின் மக்கள் தம் அணியை உயிராக நேசித்தனர். ஆனால் அவ்வணி 1955 வரை ஒருமுறைகூட உலகத் தொடரை வென்றதில்லை. நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்னும் இரு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதுவதே உலகத் தொடர். அதில் புரூக்ளின், அண்டை அணியாகிய நியூயார்க் யாங்கீஸிடம் மட்டும் ஐந்து முறை தோற்றிருந்தது. 1955இலும் அதே எதிரி. இரு அணிகளும் மும்மூன்று ஆட்டங்கள் வென்றிருந்த நிலையில், அக்டோபர் 4ஆம் நாள் ஏழாம் ஆட்டம் யாங்கீ அரங்கில் நிகழ்ந்தது.

கில்லியம் அன்று இடப்புற வெளிக்களத்தில் ஆட்டத்தைத் தொடங்கினார். ஆறாம் சுற்றில் இரண்டாம் தள வீரர் டான் சிம்மருக்குப் பதிலாக மாற்று மட்டையாளர் ஒருவர் அனுப்பப்பட்டார். அதனால் இரண்டாம் தளத்தில் வெற்றிடம் ஏற்பட்டது. பயிற்சியாளர் வால்டர் ஆல்ஸ்டன் கில்லியத்தை அங்கே வரச்செய்தார். அவர் விட்டுவந்த இடத்தில், கியூபாவைச் சேர்ந்த சாண்டி அமோரோஸ் நின்றார்.

அச்சுற்றிலேயே யாங்கீஸ் அணியின் இருவர் தளங்களை அடைந்தனர். யோகி பெரா அடித்த பந்து இடப்புற எல்லைக்கோட்டின் ஓரமாக உயர்ந்து சென்றது. தொலைவிலிருந்து ஓடிவந்த அமோரோஸ், தம் வலக்கையை நீட்டி அதனைப் பிடித்தார். அமோரோஸ் இடக்கையால் எறிபவர். ஆதலின் அவருடைய கையுறை வலக்கையில் இருந்தது. வலக்கையால் எறியும் கில்லியம் அங்கே நின்றிருந்தால், கையுறை இடக்கையில் இருந்திருக்கும்; உடலைக் குறுக்கே திருப்பித்தான் அப்பந்தை எட்டியிருக்க வேண்டும். பிடித்த பந்து விரைந்து உள்களத்திற்கு எறியப்பட, தளத்திற்கு மீளமுடியாத மற்றொரு வீரரும் ஆட்டமிழந்தார். எறிவாளர் ஜானி போட்ரெஸ் இறுதிவரை யாங்கீஸுக்கு ஓர் ஓட்டமும் தரவில்லை. 2–0 என்னும் கணக்கில் புரூக்ளின் வென்றது. அந்நகரின் ஒரே உலகத் தொடர் வெற்றி அது.

வரலாறு அமோரோஸின் பிடியைப் போற்றுகிறது, அது தகும். எனினும் அவர் அங்கே நிற்கும்படி இடமளித்தது, ஆட்டத்தின் நடுவே வெளிக்களத்தை விட்டு உள்களத்திற்கு வந்து அப்பணியையும் குறைவின்றிச் செய்யவல்ல ஒருவர் இருந்தமையே ஆகும்.

பிறர்க்காக நின்ற மட்டை

1957ஆம் ஆண்டு பருவம் முடிந்ததும் டாட்ஜர்ஸ் நிறுவனம் புரூக்ளினை விட்டு, நாட்டின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குப் பெயர்ந்தது. பழைய தோழர்கள் ஒருவர்பின் ஒருவராக நீங்கினர். ராபின்சன் ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தார். கில்லியம் நிலைத்தார்.

நிலைத்தார் என்பதனால் அவருக்கென்று ஓரிடம் உறுதியாக இருந்தது என்று பொருளன்று. ஒவ்வோர் இளவேனில் பயிற்சியின்போதும் புதிய இளைஞர் ஒருவர் இரண்டாம் தளத்திற்கோ மூன்றாம் தளத்திற்கோ உரியவராக அறிவிக்கப்படுவார். கில்லியத்தின் பெயர் ஓரிடமும் இல்லாதவர் பட்டியலில் இருக்கும். பருவம் தொடங்கிச் சில வாரங்களில் ஏதேனும் ஓரிடத்தில் குறை தோன்றும். கில்லியம் அழைக்கப்படுவார். 1953 முதல் 1963 வரையிலான பதினோர் ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் அவர் 140க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடினார் என்னும் செய்தி, இடமில்லாதவராகக் கருதப்பட்டவர் எவ்வளவு இன்றியமையாதவராக இருந்தார் என்பதைக் காட்டுகிறது. 1959இல் அவர் பெரும்பாலும் மூன்றாம் தளத்தில் ஆடினார். லீக்கிலேயே மிகுதியாக 96 முறை நடை பெற்றார். அணி மீண்டும் உலகத் தொடரை வென்றது.

1962ஆம் ஆண்டு நிகழ்வு அவருடைய தன்மையை இன்னும் தெளிவாக விளக்கும். அணியின் முதல் மட்டையாளர் மௌரி வில்ஸ் தளம் கவர்வதில் வல்லவர். எறிவாளர் பந்தை எறியும் கணத்திலேயே புறப்பட்டு அடுத்த தளத்திற்கு ஓடிவிடுவதே தளம் கவர்தல். வில்ஸ் முதல் தளத்தில் நிற்கும்போதெல்லாம் அடுத்து மட்டையுடன் நின்றவர் கில்லியம். வில்ஸ் ஓடுவதற்கு வாய்ப்புத் தரவேண்டுமெனில், மட்டையாளர் நல்ல பந்துகளையும் அடிக்காமல் விடவேண்டும். அவ்வாறு விடுந்தோறும் ஆட்டமிழக்கும் நிலைக்கு அவர் ஓரடி நெருங்குவார். கில்லியம் மீண்டும் மீண்டும் அவ்வாறு பொறுத்திருந்தார். பந்தை மிகக் கூர்ந்து நோக்கும் கண் இருந்தமையால், நெருக்கடியிலும் அவர் எளிதில் வீழவில்லை. அவ்வாண்டு வில்ஸ் 104 தளங்களைக் கவர்ந்து, 1915இல் டை காப் நிறுவிய 96 என்னும் சாதனையை முறியடித்தார். சாதனைப் பட்டியலில் வில்ஸின் பெயர் பொறிக்கப்பட்டது. கில்லியம் விட்டுவிட்ட பந்துகளுக்குப் பட்டியல் ஏதும் இல்லை.

1963இல் டாட்ஜர்ஸ் யாங்கீஸை நான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து வீழ்த்தியது. மூன்றாம் ஆட்டத்தின் ஒரே ஓட்டம் கில்லியம் எடுத்ததே. முதல் சுற்றில் நடை பெற்று, எறிவாளரின் பிழையால் இரண்டாம் தளம் சென்று, டாமி டேவிஸின் அடியில் ஓடி முடித்தார். நான்காம் ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் இருந்தபோது, அவர் தரையோடு அடித்த பந்தை எடுத்து எறிந்தனர். முதல் தளத்தில் நின்றவர் அதனைத் தவறவிட்டார். கில்லியம் நிற்காமல் மூன்றாம் தளம்வரை ஓடிவிட்டார். அடுத்து வந்த வில்லி டேவிஸ் உயர அடித்த பந்து பிடிக்கப்பட்டதும், அவர் ஓடிவந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தார். எதிரியின் சிறு பிழையையும் முழுப் பயனாக்கும் விழிப்பே அவருடைய வலிமை.

பயிற்றுநர் மீண்டும் வீரரானார்

1964ஆம் ஆண்டின் முடிவில், முப்பத்தாறு வயதான கில்லியம் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். நிறுவனம் அவரை 1965ஆம் ஆண்டிற்குப் பயிற்றுநராக அமர்த்தியது. 1962இல் சிகாகோ கப்ஸ் அணியில் பக் ஓ'நீல் பெரும் லீக்கின் முதல் கறுப்பினப் பயிற்றுநராகியிருந்தார். அதன்பின் அப்பொறுப்பைப் பெற்ற மிகச் சிலருள் கில்லியம் ஒருவர். டாட்ஜர்ஸ் அணியில் அவரே முதல்வர்.

ஆனால் அவ்வாண்டு மே மாதத்தின் முதல் நாளன்றே அணியின் சிறந்த மட்டையாளர் டாமி டேவிஸ் கணுக்கால் முறிந்து வீழ்ந்தார். மூன்றாம் தளத்தில் ஆடியவர்களின் மட்டையும் கைகொடுக்கவில்லை. மே மாத இறுதியில் கில்லியம் மீண்டும் வீரராக அழைக்கப்பட்டார். பயிற்றுநராகத் தாம் வழிநடத்திய இளைஞர்களோடு தோள் சேர்ந்து நின்று, .280 என்னும் அடிவீதத்துடன் ஆடினார். முதல் தளத்தில் வெஸ் பார்க்கர், இரண்டாம் தளத்தில் ஜிம் லெஃபீவர், இரண்டிற்கும் மூன்றிற்கும் இடையில் வில்ஸ், மூன்றாம் தளத்தில் கில்லியம் ஆகிய நால்வருமே இருபுறமும் அடிக்கவல்லவர்கள். அத்தகைய உள்களம் அதற்குமுன் அமைந்ததில்லை.

உலகத் தொடரில் மினசோட்டா ட்வின்ஸ் அணியுடன் மோதல் ஏழாம் ஆட்டம்வரை நீண்டது. அக்டோபர் 14ஆம் நாள், இரண்டே நாள் ஓய்வுடன் சாண்டி கூஃபாக்ஸ் பந்தெறிய வந்தார். டாட்ஜர்ஸ் 2–0 என முன்னிலையில் இருந்தது. ஐந்தாம் சுற்றில் மினசோட்டாவின் இருவர் தளங்களில் நின்றனர். அவ்வாண்டு அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வு பெறவிருந்த சோய்லோ வெர்சாலஸ், மூன்றாம் தளக் கோட்டை ஒட்டிப் பந்தைக் கடுமையாக அடித்தார். அது கடந்திருந்தால் ஆட்டத்தின் போக்கே மாறியிருக்கக்கூடும். கில்லியம் பாய்ந்து, கையுறையைக் குறுக்காகத் திருப்பிப் பந்தைத் தடுத்தெடுத்தார். எழுந்து தளத்தை மிதித்து, ஓடிவந்தவரை ஆட்டமிழக்கச் செய்தார். கூஃபாக்ஸ் அதன்பின் தளரவில்லை. டாட்ஜர்ஸ் வாகை சூடியது. முப்பத்தேழு வயது நிறைய மூன்றே நாள்கள் எஞ்சியிருந்த வீரரின் அந்தப் பிடி, அத்தொடரின் மறக்கவியலாத காட்சியாயிற்று.

அடுத்த ஆண்டும் அணிக்காக ஆடி, ஏழாம் முறையாக உலகத் தொடரில் பங்கேற்றபின் அவர் மட்டையைக் கீழே வைத்தார். டாட்ஜர்ஸ் அணிக்காக 1,956 ஆட்டங்களில் 1,889 வெற்றி அடிகளும் 1,163 ஓட்டங்களும் அவர் கணக்கில் உள்ளன. 1,036 முறை நடை பெற்ற அவர், அடிக்கத் தவறி ஆட்டமிழந்தது 416 முறை மட்டுமே. நான்கு உலகத் தொடர் வெற்றிகளில் அவருக்குப் பங்குண்டு.

எட்டாத பொறுப்பு

1967 முதல் கில்லியம் முழுநேரப் பயிற்றுநராகப் பணியாற்றினார். முதல் தளத்தின் அருகே நின்று, எறிவாளரின் தோளசைவையும் காலசைவையும் படித்து, ஓடவேண்டிய கணத்தை இளைஞர்க்கு உணர்த்துவது அவருடைய பணிகளுள் ஒன்று. அவரை ஆசானாகக் கொண்டு வளர்ந்தவர்களுள் இரண்டாம் தள வீரர் டேவி லோப்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1975, 1976 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக்கில் மிகுதியான தளங்களைக் கவர்ந்தவர் அவரே.

ஆட்டத்தின் நுட்பம் அனைத்தும் அறிந்தவர், ஏறத்தாழ எல்லா இடங்களிலும் நின்று பழகியவர், ஓர் அணியைத் தலைமையேற்று நடத்தத் தகுதியுடையவர் என்பதில் அவரை அறிந்தோர்க்கு ஐயமில்லை. ஆனால் கறுப்பினத்தவர் ஒருவரிடம் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை ஒப்படைக்கப் பெரும் லீக் நெடுங்காலம் தயங்கியது. 1972ஆம் ஆண்டு உலகத் தொடர் அரங்கில் சிறப்பிக்கப்பட்ட ஜாக்கி ராபின்சன், அத்தகைய நாளைக் காண விரும்புவதாக நாட்டு மக்கள் முன் வெளிப்படையாக அறிவித்தார். ஒன்பது நாள்களில் அவர் மறைந்தார். 1975ஆம் ஆண்டுப் பருவத்திற்குக் கிளீவ்லாந்து அணி ஃபிராங்க் ராபின்சனை அப்பொறுப்பில் அமர்த்தியபோதுதான் அத்தடை உடைந்தது.

1976இல் ஆல்ஸ்டன் 23 பருவங்களுக்குப் பின் விலகினார். அவ்விடத்திற்கு உடன் பயிற்றுநரான டாமி லசோர்டா தேர்ந்தெடுக்கப்பட்டார். வாழ்நாள் முழுவதும் பிறர் விட்ட இடங்களை நிரப்பியவர்க்கு இந்த ஓரிடம் மட்டும் கிட்டவில்லை. கில்லியம் அணியைவிட்டு நீங்கவில்லை. புதிய தலைவர்க்குத் துணைநின்று அதே முதல் தளத்தின் அருகே பணியைத் தொடர்ந்தார். 1977இலும் 1978இலும் டாட்ஜர்ஸ் நேஷனல் லீக்கின் வாகையை வென்றது.

மறைவும் மதிப்பும்

1978ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், கில்லியத்துக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. அவர் நினைவு திரும்பாமல் மருத்துவமனையில் கிடந்த நாள்களிலும் அணி வென்றுகொண்டிருந்தது. அக்டோபர் 7ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவை வீழ்த்தி டாட்ஜர்ஸ் உலகத் தொடருக்குத் தகுதி பெற்றது. மறுநாள், அக்டோபர் 8இல், கில்லியம் மறைந்தார். ஐம்பதாம் பிறந்தநாளுக்கு ஒன்பது நாள்களே எஞ்சியிருந்தன.

உலகத் தொடரின் முதல் ஆட்டத்திற்கு முன், அவர் அணிந்த 19ஆம் எண்ணுக்கு நிறுவனம் நிலையான ஓய்வளித்தது. இனி அவ்வணியில் எவரும் அவ்வெண்ணை அணியார். தனிப்பெரும் புகழாளர்களுக்கே உரிய அம்மதிப்பு அதுவரை ராபின்சன், கூஃபாக்ஸ், காம்பனெல்லா, ஆல்ஸ்டன் ஆகிய நால்வருக்கே வழங்கப்பட்டிருந்தது. வீரர்கள் அவ்வெண் பொறித்த கறுப்புப் பட்டையைச் சட்டையில் அணிந்து ஆடினர். அன்றைய ஆட்டத்தில் டேவி லோப்ஸ் இரண்டு முறை பந்தை எல்லைக்கு வெளியே அடித்து, அவற்றைத் தம் ஆசானுக்கு உரியனவாக்கினார். டாட்ஜர்ஸ் அத்தொடரை இறுதியில் இழந்தது. ஆனால் அந்த எண் இழக்கப்படவில்லை.

இன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு பூங்கா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த நாஷ்வில்லில், பழைய சல்ஃபர் டெல் இருந்த நிலத்தில் எழுந்துள்ள புதிய பேஸ்பால் அரங்கின் சாலைக்கு ஜூனியர் கில்லியம் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவ்வரங்கின் கதவிலக்கம் 19. நிறத்தால் ஆட்டத்தைப் பிரித்த களம் இருந்த இடத்திற்கு, இன்று அனைவரும் அவர் பெயர் கொண்ட சாலையின் வழியாகவே செல்கின்றனர்.

கில்லியத்தின் வாழ்வை அடக்கத்தின் சிறப்பாக மட்டும் கொள்வது முழுமையாகாது. தமக்கென ஓரிடம் கேளாமல் உழைப்பது பெருமை. அவ்வாறு உழைப்பவர்க்கு உரிய இடத்தை அளிக்கத் தவறுவது, அவரால் பயன் பெற்றோரின் குறை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேர உணர்த்துவதனாலேயே, பத்தொன்பதாம் எண் வீரரின் வரலாறு ஆடுகளத்திற்கு வெளியேயும் பயிலத்தக்கதாகிறது.